வாசகர் கேள்வி – பதில்: ஃப்ரிட்ஜுக்குள் காய்கறி ஏன் அழுகுகிறது, ஏன் வாடுகிறது?

கேள்வி: வாரத்துக்கு ஒருமுறைதான் காய்கறி வாங்குகிறேன். கவரோடு ஃப்ரிட்ஜில் வைத்தால் நான்காம் நாளே அழுகத் தொடங்குகிறது. கவர் இல்லாமல் வைத்தால் வதங்கித் துவண்டுவிடுகிறது. எப்படித்தான் வைப்பது?

பதில்: செடியிலிருந்து பறித்த பிறகும் காய்க்கு உயிர் இருக்கிறது. தன்னிடமுள்ள சர்க்கரையைச் செலவழித்துச் சுவாசிக்கிறது. கரியமில வாயுவையும் நீராவியையும் கொஞ்சம் வெப்பத்தையும் வெளியே விடுகிறது. சுற்றியுள்ள வெப்பநிலை 10 டிகிரி கூடினால் இந்தச் சுவாசத்தின் வேகம் ஏறக்குறைய இரண்டு, மூன்று மடங்காகும். ஃப்ரிட்ஜ் அந்த வேகத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். நிறுத்திவிடுவதில்லை.

ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் காற்று உலர்ந்த காற்று. அதிலுள்ள ஈரமெல்லாம் உள்ளே இருக்கும் குளிர்ந்த குழாய்களில் படிந்து வடிந்துவிடும். விசிறி ஓடும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகையில் இது இன்னும் அதிகம். அதனால் திறந்து வைத்த காயிலிருந்து நீர் போய்க்கொண்டே இருக்கும், அதுதான் வதங்கல். இறுக்கி முடிந்த கவரில் நடப்பது இதற்கு நேர்மாறானது. காய் விட்ட நீராவி வெளியேற வழியில்லாமல் துளித் துளியாகக் காய் மேலேயே நிற்கும். பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர அந்தத் துளிகள் போதும்.

ஆக, காயைச் சுற்றியுள்ள காற்று ஈரமாக இருக்க வேண்டும். காயின் தோல் உலர்ந்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்த்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. நடுத்தர அளவுள்ள பாலிதீன் கவரில் குண்டூசியால் சுமார் 20 துளைகள் போடுங்கள். உள்ளே ஒரு டிஷ்யூ பேப்பரையோ மெல்லிய பருத்தித் துணியையோ மடித்து வைத்து, அதன் மேல் காயைப் போடுங்கள். வாயை இறுக்கி முடியாமல் மடித்துவிட்டால் போதும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தொட்டுப் பாருங்கள். டிஷ்யூ நனைந்திருந்தால் மாற்றுங்கள். வாங்கி வந்த காய் ஈரமாக இருந்தால், முதலில் துணியில் பரப்பி உலரவிட்டு, பிறகு கவரில் போடுங்கள். இந்த ஒரு வேலையைத் தவிர்த்துவிட்டு மற்றதையெல்லாம் சரியாகச் செய்தாலும் பலன் குறைவுதான்.

கேள்வி: வாங்கி வந்ததும் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து அடுக்கிவைப்பது என் பழக்கம். அது தவறு என்று தோழி சொல்கிறாள்.

பதில்: தோழி சொல்வது பெரும்பாலும் சரி. கழுவும்போது மண்ணும் அழுக்கும் போகும், கிருமிகள் முழுதாகப் போகா. மிஞ்சியவற்றுக்கு நீங்களே தண்ணீர் ஊற்றிக் கொடுத்ததுபோல் ஆகிவிடும். பீன்ஸின் காம்பு, காலிஃபிளவரின் இடுக்கு, கீரையின் மடிப்பு ஆகிய இடங்களில் நிற்கும் நீரைத் துடைத்தெடுப்பது கடினம். சமைப்பதற்குச் சற்று முன்பு கழுவுவதே நல்லது.

கீரையில் மண் அதிகமாக இருந்து, வைப்பதற்கு முன்பே கழுவித்தான் ஆக வேண்டும் என்றால் அகலமான பாத்திரத்தில் அமிழ்த்தி, இரண்டு மூன்று முறை நீர் மாற்றி அலசுங்கள். வடிகட்டி, துணியில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். கையில் ஈரம் ஒட்டாத நிலை வந்த பிறகுதான் கவருக்குப் போக வேண்டும். காளானை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் முன்கூட்டியே கழுவாதீர்கள். அதைக் காகிதப் பையில் போட்டு, டிரேயில் அடைக்காமல் மேல் தட்டில் வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் அடைத்த காளான் சீக்கிரமே கொழகொழத்துவிடும்.

காய்கறிக்குச் சோப்பு, பாத்திரம் கழுவும் திரவம் எதுவும் வேண்டாம். காய் அவற்றை உறிஞ்சிக்கொள்ளும். ஓடும் நீரும் கையால் தேய்ப்பதுமே போதும்.

கேள்வி: காய்கறி டிரேயில் இப்படியும் அப்படியும் நகர்த்தும் சின்னத் தள்ளுபட்டை இருக்கிறதே, அது எதற்கு?

பதில்: அது ஒரு காற்றுத் துவாரத்தின் கதவு. மூடினால் டிரேக்குள் ஈரம் தங்கும். திறந்தால் ஈரமும் காய்கள் விடும் வாயுவும் வெளியேறும். கீரை, கொத்தமல்லி, கேரட், பீன்ஸ், முட்டைகோஸ், பிரக்கோலி போன்ற வாடும் வகைகள் இருக்கும் டிரேயை மூடிவையுங்கள். ஆப்பிள், பேரிக்காய் போன்ற பழங்கள் இருக்கும் டிரேயைத் திறந்துவையுங்கள். ஒரே டிரேதான் இருக்கிறதென்றால் அதைக் காய்களுக்கு விட்டுவிட்டு, பழங்களை மேல் தட்டுக்கு மாற்றுவது நல்லது.

ஏறத்தாழ நிரம்பிய டிரேயில்தான் ஈரம் நிலைத்து நிற்கும். ஒரே ஒரு கேரட்டைப் பெரிய டிரேயில் தனியாக விட்டால் அது சீக்கிரம் வதங்கும். அப்போது கவர் கட்டாயம். ஆனால் அழுத்தித் திணிக்காதீர்கள். நசுங்கிய இடத்திலிருந்துதான் அழுகல் தொடங்கும்.

கேள்வி: கொத்தமல்லியும் புதினாவும் என்ன செய்தாலும் ஐந்து நாளைத் தாண்டுவதில்லை. ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் கறுப்பு.

பதில்: கட்டை அவிழ்க்காமலேயே வைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ரப்பர் பேண்ட் இறுக்கிய இடத்தில் தண்டு நசுங்கியிருக்கும். கறுப்பு அங்கிருந்துதான் பரவும். முதல் வேலை, கட்டை அவிழ்த்துப் பரப்பி, மஞ்சளான, நசுங்கிய, கறுத்த இலைகள் அனைத்தையும் பொறுக்கி எடுப்பது. சோம்பல்பட்டு ஓர் அழுகிய இலையை விட்டுவைத்தாலும் மூன்றே நாளில் பக்கத்திலுள்ளவை அதோடு சேர்ந்துவிடும்.

அதன் பிறகு இரண்டு வழிகள் உண்டு. அகலமான மூடியுள்ள டப்பாவின் அடியில் டிஷ்யூ விரித்து, தழையைத் தளர்வாக அடுக்கி, மேலே இன்னொரு டிஷ்யூ போட்டு மூடுங்கள். டிஷ்யூதான் இங்கே முக்கியம். தழை விடும் நீராவியை அது உறிஞ்சிக்கொள்ளும்; டப்பாவோ காற்றை உலரவிடாமல் காக்கும். இரண்டு மூன்று நாளுக்கொருமுறை டிஷ்யூவை மாற்ற வேண்டும். மூடியின் உட்புறத்தில் முத்து முத்தாக நீர் தெரிந்தால் துடைத்துவிடுங்கள்.

இன்னொரு வழி பூச்சாடி முறை. தண்டின் நுனியை ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வெட்டிவிட்டு, டம்ளரில் மூன்று நான்கு சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் ஊற்றி அதில் நிறுத்துங்கள். நீருக்குள் ஓர் இலைகூட இருக்கக் கூடாது. மேலே ஒரு கவரைத் தளர்வாகக் கவிழ்த்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். கலங்கிய நீரில் பாக்டீரியா பெருகித் தண்டின் குழாய்களை அடைத்துவிடும். தழை வாங்கும்போதே புதிதாக இருந்தால் இரண்டு முறையிலும் இரண்டு வாரம் வரை தாங்கும். இடம் இருப்பவர்களுக்குப் பூச்சாடி முறை, இல்லாதவர்களுக்கு டப்பா.

பச்சை மிளகாய்க்கும் டப்பா முறையே போதும். காம்பைக் கிள்ளிவிட்டு, மேலே ஈரமில்லாத மிளகாயாகப் பார்த்து வையுங்கள். அழுகலும் பூஞ்சையும் பெரும்பாலும் காம்பிலிருந்தே தொடங்குகின்றன. கிள்ளும்போது மிளகாயின் சதை கிழிந்துவிடக் கூடாது.

கேள்வி: வெள்ளரிக்காயில் சின்னச் சின்னக் குழிகள் விழுந்து நீர் கோத்துக்கொள்கிறது. கத்திரிக்காயை வெட்டினால் விதையெல்லாம் பழுப்பாக இருக்கிறது. கடையிலேயே கெட்டதைத் தந்துவிட்டார்களா?

பதில்: கடைக்காரரைச் சந்தேகிக்க வேண்டாம், இது குளிர்க் காயமாகத்தான் இருக்க வேண்டும். வெப்பமான சூழலில் தோன்றி வளர்ந்த செடிகளின் காய்களுக்கு, உறைநிலைக்கு வெகு மேலேயே குளிர் தாங்காமல் போகிறது. அவற்றின் உயிரணுக்களைச் சுற்றியுள்ள சவ்வு குளிரில் இறுகி, ஓட்டைவிடத் தொடங்கும். உள்ளே பிரிந்திருந்த பொருள்கள் ஒன்றோடொன்று கலந்து பழுப்பு நிறம் வரும், தோலுக்கடியில் நீர் கசியும், குழி விழும்.

வெள்ளரிக்கும் கத்திரிக்கும் எல்லை சுமார் 10 டிகிரி. வெண்டைக்காய்க்கும் குடமிளகாய்க்கும் சுமார் 7. பீன்ஸுக்கு 5. பூசணி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஆகியவற்றுக்குப் பத்துக்கும் மேல். ஃப்ரிட்ஜோ 4 டிகிரியில் இருக்கிறது. அதற்காக இவற்றை உள்ளே வைக்கவே கூடாது என்று பொருளில்லை. குளிர்க் காயத்துக்கு நேரமும் ஒரு கணக்கு. இரண்டு மூன்று நாள் வரை பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும்; ஒரு வாரமானால் காட்டிக்கொடுத்துவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள்: உள்ளே இருக்கும்வரை நன்றாகத் தெரிந்த காய், வெளியே எடுத்து வைத்த சில மணி நேரத்தில் சட்டென்று குழைந்துவிடும். காயம் ஏற்கெனவே பட்டிருக்கும். வெளிவெப்பத்தில்தான் அது தெரியவரும்.

செய்ய வேண்டியது இதுதான். வாங்கிய வாரத்தில் வெள்ளரி, கத்திரி, வெண்டை ஆகியவற்றை முதல் மூன்று நாளில் சமைத்துவிடுங்கள். கேரட், முட்டைகோஸ், பீட்ரூட், முள்ளங்கி ஆகியவற்றை வாரக் கடைசிக்கு ஒதுக்குங்கள். இவை 0 டிகிரி வரை குளிரை விரும்புபவை. குளிர் தாங்காதவற்றை ஃப்ரிட்ஜின் குளிர் குறைந்த இடத்தில், அதாவது கதவுப் பக்கத்துத் தட்டின் முன்பகுதியில், கவரில் போட்டு வையுங்கள். முழுப் பூசணியும் சர்க்கரைவள்ளியும் வெளியிலேயே இருக்கட்டும். வெட்டிய பூசணித் துண்டுக்கு மட்டும் ஃப்ரிட்ஜ் தேவை.

கேள்வி: தக்காளியை உள்ளே வைப்பதா, வெளியே வைப்பதா?

பதில்: பச்சையும் சிவப்புமாக இருக்கும்வரை வெளியே. அந்த நிலையில் குளிர் பட்டால் சீராகப் பழுக்காமல், சதை மாவுபோல் ஆகிவிடும். நன்றாகப் பழுத்து, இன்று நாளைக்குள் பயன்படுத்த முடியாது என்றால் உள்ளே வைத்து மூன்று நான்கு நாளில் முடித்துவிடுங்கள். மணம் தரும் பொருள்கள் உண்டாவதைக் குளிர் நிறுத்திவைக்கும். ஆகவே பச்சையாகச் சாப்பிடுவதாக இருந்தால் சில மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவிடுங்கள். வெளியே வைக்கும்போது காம்புத் தழும்பு கீழே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள். தக்காளியின் நீர் அதிகம் போவது அந்தத் தழும்பு வழியாகத்தான்.

கேள்வி: உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு?

பதில்: மூன்றுக்கும் ஃப்ரிட்ஜ் தேவையில்லை. இருட்டான, காற்றோட்டமான இடம் போதும். குளிரில் உருளைக்கிழங்கின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதால், பொரித்தால் சட்டென்று கருகும். அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளும் கூடுதலாக உண்டாகும். வெளிச்சம் பட்டால் பச்சை பூத்து, சோலனின் என்ற நச்சு சேரும். பச்சை பூத்த பகுதியை ஆழமாகச் சீவி எறியுங்கள். கிழங்கு முழுக்கப் பச்சையாகிவிட்டாலோ கசந்தாலோ சாப்பிடாதீர்கள். வெங்காயத்தையும் உருளையையும் ஒரே கூடையில் கொட்டாதீர்கள். கிழங்கு விடும் ஈரத்தில் வெங்காயம் முளைவிட்டு அழுகும். பூண்டு ஃப்ரிட்ஜின் குளிரில் சீக்கிரம் முளைக்கும்.

ஓர் எச்சரிக்கை. உரித்த பச்சைப் பூண்டை எண்ணெயில் மூழ்கவைத்து வெளியே வைக்காதீர்கள். காற்றுப் புகாத அந்த இடத்தில் போட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியா வளரக்கூடும். மணத்திலோ நிறத்திலோ அது தெரியாது. ஃப்ரிட்ஜில் வைத்தாலும் நான்கு நாளுக்குள் முடித்துவிடுங்கள், இல்லையென்றால் ஃப்ரீசரில் வையுங்கள்.

கேள்வி: கேரட் கசக்கிறது. வாங்கிய அன்று இனிப்பாகத்தான் இருந்தது.

பதில்: பக்கத்தில் ஆப்பிள் இருந்ததா என்று பாருங்கள். ஆப்பிள், பேரிக்காய், பழுக்கும் வாழை, மாம்பழம், பப்பாளி, தக்காளி ஆகியவை எத்திலீன் என்ற வாயுவை விடுகின்றன. பழம் பழுப்பதற்கான சமிக்ஞை அது. அதே வாயு பட்டால் கேரட்டில் கசப்புப் பொருள் உருவாகும். கீரையும் பிரக்கோலியும் மஞ்சளாகும். வெள்ளரியின் பச்சை மங்கும். கத்திரிக்காயின் காம்பு மூடி உதிரும். பழங்களைத் தனியாகப் பிரித்தாலே இந்தத் தொல்லை நின்றுவிடும்.

கேரட், முள்ளங்கி, பீட்ரூட் எதுவானாலும் தழையோடு வாங்கினால் அன்றே வெட்டிவிடுங்கள். தழை கிழங்கிலிருந்து நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பீட்ரூட்டுக்கு மட்டும் தண்டை இரண்டு சென்டிமீட்டர் விட்டு வெட்டினால் சாயம் கசியாது. துவண்ட கேரட்டைக் குளிர்ந்த நீரில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை போட்டால் பெரும்பாலும் விறைப்பு திரும்பும். போனது நீர் மட்டும்தானே. கொழகொழப்பு வந்துவிட்ட கேரட்டுக்கு இது உதவாது.

கேள்வி: பின்பக்கம் வைக்கும் கீரை கண்ணாடிபோல் ஆகி, பிறகு சொதசொதவென்று போய்விடுகிறது.

பதில்: உறைந்து உருகியிருக்கிறது. இலைக்குள் இருக்கும் நீர் பனியாகும்போது விரிந்து, அதன் ஊசிமுனைகள் உயிரணுச் சுவரைக் கிழித்துவிடும். உருகியதும் நீர் வெளியே கொட்டும். பின்சுவரும் குளிர்காற்று வரும் துவாரமும் ஃப்ரிட்ஜிலேயே அதிகக் குளிரான இடங்கள். கீரையை அங்கிருந்து நகர்த்துங்கள்.

அப்படியும் உறைந்தால் வெப்பநிலையை அளந்து பாருங்கள். ஒரு டம்ளர் நீரில் தெர்மாமீட்டரை இட்டு நடுத்தட்டில் ஓர் இரவு முழுக்க விட்டு, காலையில் கதவைத் திறந்ததும் பாருங்கள். 2 முதல் 4 டிகிரிக்குள் இருக்க வேண்டும். காற்றில் அளந்தால் கதவைத் திறக்கும்போதெல்லாம் எண் குதிக்கும். நீரில் அளந்தால்தான் நம்பலாம். திருகில் உள்ள 1, 2, 3 என்பவை டிகிரி அல்ல. பெரும்பாலான ஃப்ரிட்ஜ்களில் எண் கூடினால் குளிர் கூடும். ஒரு நேரத்தில் ஓர் எண் மட்டும் மாற்றி, ஒரு நாள் பொறுத்து மறுபடி அளக்க வேண்டும்.

குளிரே போதவில்லை என்றால் கதவு ரப்பரைப் பாருங்கள். ஒரு காகிதத்தை இடையில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். தடையின்றி வழுக்கி வந்தால் அந்த இடத்தில் காற்றுப் புகுகிறது. சில சமயம் ரப்பரில் படிந்த பிசுக்கை வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்தாலே சரியாகிவிடும்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமையே வாரம் முழுமைக்கும் நறுக்கி வைத்துக்கொள்ளலாமா? வேலைக்குப் போகிறவளுக்கு வேறு வழியில்லை.

பதில்: வாரம் முழுமைக்கும் வேண்டாம்; மூன்று நான்கு நாளுக்கு நறுக்குங்கள். கத்தி பட்டதும் தோல் என்ற காவல் போய்விடுகிறது; சாறு கசிந்து கிருமிக்கு உணவாகிறது; சுவாசமும் வேகமெடுக்கிறது. நறுக்கியதை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். கூர்மையான கத்தியால் நறுக்கினால் நசுங்கல் குறைவு, ஆயுள் அதிகம்.

கேரட், பீன்ஸ், முட்டைகோஸ், காலிஃபிளவர் நறுக்கி வைக்க ஏற்றவை. டப்பாவில் டிஷ்யூ விரித்து உலர்ந்தபடி வையுங்கள். வெண்டைக்காயை நறுக்கி வைத்தால் பிசுபிசுப்பு கூடும். கத்திரிக்காயும் உருளைக்கிழங்கும் கறுக்கும். இவற்றைச் சமைக்கும்போதே நறுக்குவது நல்லது. முட்டைகோஸை முழுதாக வைத்து, வெளி இலைகளாக உரித்துப் பயன்படுத்தினால் வெட்டுமுகம் குறையும், வாரக்கணக்கில் இருக்கும்.

நறுக்கிய காய்க்கு மேலே பச்சை இறைச்சியோ மீனோ வைக்காதீர்கள். ஒரு சொட்டு வடிந்தாலும் ஆபத்து. இறைச்சி எப்போதும் மூடிய பாத்திரத்தில், கீழே கசியாதபடி இருக்க வேண்டும்.

கேள்வி: பட்டாணியும் பீன்ஸும் ஃப்ரீசரில் போட்டேன். இரண்டு மாதத்தில் வைக்கோல் சுவை வந்துவிட்டது.

பதில்: பச்சையாக அப்படியே போட்டிருப்பீர்கள். காயிலுள்ள நொதிகள் உறைகுளிரிலும் மெதுவாக வேலை செய்துகொண்டே இருக்கும். சுவை, நிறம், மென்மை மூன்றையும் கெடுக்கும். கொதிநீரில் சிறிது நேரம் போட்டு எடுத்தால் அவை அடங்கும்.

அரைக் கிலோ காய்க்கு ஏறக்குறைய நான்கு லிட்டர் நீர் வேண்டும். நீர் தளதளவென்று கொதிக்கும்போது காயைப் போடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் நீர் மறுபடி கொதிக்க வேண்டும். கொதிக்கவில்லை என்றால் காய் அதிகம். மறுகொதி வந்த நொடியிலிருந்து எண்ணுங்கள்: பட்டாணிக்கு ஒன்றரை நிமிடம், வட்டமாக நறுக்கிய கேரட்டுக்கு 2, பீன்ஸுக்கும் சிறு பூக்களாகப் பிரித்த காலிஃபிளவருக்கும் 3. நேரம் குறைந்தால் நொதி அடங்காமல் இன்னும் தூண்டப்படும். போடாமலே இருப்பதைவிட மோசம். எடுத்த உடனே அதே அளவு நேரம் ஐஸ் நீரில் போட்டு வெப்பத்தை நிறுத்துங்கள்.

பிறகு நன்றாக வடித்து, துணியில் ஒற்றி, தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி உறையவையுங்கள். உறைந்ததும் கவரில் மாற்றிக் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, தேதி எழுதுங்கள். இப்படிச் செய்தால் கட்டியாக ஒட்டாது. வேண்டிய அளவு அள்ளலாம். ஃப்ரீசர் −18 டிகிரியில் இருந்தால் எட்டு மாதத்துக்கு மேலும் சுவை நிற்கும். சமைக்கும்போது உருகவிடாமல் நேரே கொதிக்கும் பாத்திரத்தில் போடுங்கள். குடமிளகாய்க்கும் பச்சை மிளகாய்க்கும் கொதிநீர் தேவையில்லை. வெள்ளரியையும் முள்ளங்கியையும் ஃப்ரீசரில் வைத்துப் பயனில்லை.

கேள்வி: பூஞ்சை பிடித்த பகுதியை மட்டும் வெட்டிவிட்டு மீதியைச் சமைக்கலாமா?

பதில்: கேரட், முட்டைகோஸ், குடமிளகாய் போன்ற கெட்டியான காய் என்றால், பூஞ்சையைச் சுற்றியும் அடியிலும் இரண்டரை சென்டிமீட்டர் விட்டு வெட்டி எறிந்தபின் மீதியைப் பயன்படுத்தலாம். கத்தி பூஞ்சையைத் தொடாமல் வெட்டுங்கள். தக்காளி, வெள்ளரி, கீரை போன்ற நீர் நிறைந்தவற்றில் கண்ணுக்குத் தெரியாத இழைகள் உள்ளே ஓடியிருக்கும், முழுதாக எறிந்துவிடுங்கள். இலை கொழகொழத்திருந்தாலும் அப்படியே.

கேள்வி: எவ்வளவு கவனமாக அடுக்கினாலும் டிரேயில் ஒரு வாடை. புதுக் காயும் சீக்கிரம் கெடுகிறது.

பதில்: டிரேயின் மூலையில் பழைய சாறு காய்ந்து ஒட்டியிருக்கும். அதில் இருக்கும் பூஞ்சை வித்துகள்தான் அடுத்த வாரக் காயைப் பிடிக்கின்றன. டிரேயை வெளியே எடுத்து, கண்ணாடியோ கெட்டிப் பிளாஸ்டிக்கோ குளிரில் வெந்நீர் பட்டு விரிசல் விடாதபடி சற்று நேரம் வெளியே விட்டு, சோப்பு நீரில் கழுவுங்கள். பிறகு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 2 மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்துத் துடைத்தால் வாடை போகும். டிரே நகரும் பள்ளத்தையும் அடியில் நீர் தேங்கும் இடத்தையும் துடைக்க மறக்க வேண்டாம். முழுதாக உலர்ந்த பிறகு அடியில் ஒரு பருத்தித் துணி விரித்துக் காய்களை அடுக்குங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, புதுக் காய் வாங்கப் போகும் நாளின் காலையில், டிரே காலியாக இருக்கும்போது கழுவிவிட்டால் வேலையும் குறைவு.